கொசுறாக வந்த கம்பி

காய்கறிக் கடையில் கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலையை யாரும் தரம் பார்த்து வாங்குவதில்லை. ஒலிக்கருவி செய்கிறவர்கள் ஆம்ப்ளிபயர் பெட்டிக்குள் சுருட்டி வைத்து அனுப்பும் கம்பியும் ஏறக்குறைய அந்த ரகந்தான். ஆனால் கறிவேப்பிலை இல்லாமல் ரசம் வைத்துவிடலாம். கம்பி இல்லாமல் ஒலி பிறக்காது. ஆகவே, உயர்ந்த கருவியை விற்கிறவர் உயர்ரகக் கம்பியையும் உடன் தர வேண்டாமா என்று கேட்கிறார்கள். தர வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஆனால் இப்போது தருவதையும் தரக்கூடாது.

பட்டணத்துச் செல்வர்களின் வரவேற்பறைப் பிரச்னை என்று செஞ்சிக்காரர்கள் இதை ஒதுக்கிவிட முடியாது. மேல்மலையனூர் அமாவாசை முதல் திரௌபதி அம்மன் கோயில் கூத்து வரை, இந்த வட்டாரத்தில் மைக் செட் இல்லாத விசேஷம் கிடையாது. கூத்துக்காரர் ஒரு காலத்தில் வெறும் தொண்டையால் கடைசி வரிசையை எட்டினார். இன்று அந்தத் தொண்டையின் மானம் ஒரு கம்பியில் தொங்குகிறது. பாஞ்சாலி சபதம் போடும் வேளையில் ஸ்பீக்கர் முனகினால், விடிய விடிய ஆடியதெல்லாம் வீண்.

கம்பியின் வேலை என்ன? ஆம்ப்ளிபயர் தரும் மின்சாரத்தை வழியில் தின்னாமல் ஸ்பீக்கரிடம் சேர்ப்பது. அது தின்னும் அளவு மூன்றைப் பொறுத்தது: உலோகம், தடிமன், தூரம். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், வீட்டுக் கூடத்தில் 3 மீட்டர் தள்ளி 8 ஓம் ஸ்பீக்கரை வைத்தால், நூற்றில் இரண்டு பங்குகூட வீணாகாது. எந்தக் காதும் அதைக் கண்டுபிடிக்காது. அதே கம்பியைக் கோயில் திடலில் 30 மீட்டர் இழுத்தால் ஏழில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் நஷ்டம் நூற்றுக்கு ஐந்தாகக் குறையும். கூம்புக் குழாய்களுக்கு 100 வோல்ட் லைன் போட்ட காலத்தில் மின்னோட்டம் குறைவு. மெல்லிய கம்பி போதுமானதாக இருந்தது. பெட்டி ஸ்பீக்கர்களுக்கு அது போதாது. இவ்வளவுதான் சாஸ்திரம். மைக் செட்காரருக்கு இது அனுபவத்தில் தெரியும். பெட்டியில் வந்த ஒயரை ஒதுக்கிவிட்டுத் தமக்கு வேண்டிய தடிமனில் மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்வார்.

தெரியாதவர் கதை வேறு. ஐம்பதாயிரம் ரூபாய் செட்டைப் பிரித்ததும் நூல் போன்ற ஒயர் கையில் வருகிறது. அவருக்கே மனம் ஒப்பவில்லை. கடைக்காரர் மெல்ல ஆரம்பிக்கிறார்: "இந்த ஒயரில் கேட்டால் செட்டின் அருமை தெரியாதுங்க." அந்த ஒரு வாக்கியத்தின் மீதுதான் உயர்ரகக் கம்பி வியாபாரம் முழுவதும் நிற்கிறது. அமெரிக்காவிலும் எழுபதுகள் வரை சாதாரண விளக்கு ஒயரையே ஸ்பீக்கருக்குப் போட்டுவந்தார்கள். நோயல் லீ என்பவர் மான்ஸ்டர் கேபிள் என்று பெயரிட்டுத் தடித்த கம்பி விற்க வந்த பிறகு, கம்பி தனிச் சரக்காகிப் பிரமாதமான லாபமும் கொடுத்தது.

பிறகு தங்கம் வந்தது. தங்கப் பூச்சு கறுக்காது. கடற்காற்று வீசும் ஊரில் பின்னுக்கு நல்லதுதான். ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளி முதல், செம்பு அடுத்தது, தங்கம் மூன்றாவது. சுவரில் செருகும் கம்பிக்கும் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். நெய்வேலியிலிருந்து காத தூரம் அலுமினியக் கம்பியில் வெயிலிலும் மழையிலும் வந்த மின்சாரம், கடைசி ஒரு மீட்டரில் ஞானஸ்நானம் பெற்றுப் புனிதமாகிவிடுமாம்! 2007-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஒரு கம்பியைக் காதால் மட்டும் கேட்டுப் பிரித்தறிபவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சவால் விட்டார். அந்தச் சோதனை கடைசிவரை நடக்கவேயில்லை.

அதற்காக எல்லாக் கம்பியும் ஒன்றே என்று சொல்வதும் அறியாமை. மைக்கின் சமிக்ஞை மிக மெல்லியது. ஜெனரேட்டரும் சீரியல் விளக்கும் இரையும் திடலில், அந்தக் கம்பியைச் சுற்றி நல்ல வலைக்கவசம் வேண்டும். உள்ளே ஒன்றுக்கொன்று எதிரான இரு கம்பிகள் ஓடினால், வெளியிலிருந்து புகும் இரைச்சல் தன்னைத் தானே அடித்துக்கொண்டு மறையும். மலிவு மைக்குடன் வரும் ஒற்றைக் கம்பி ஒயரில் அந்த ஏற்பாடு இல்லை. பின்னில் ஈயம் சரியாகப் பற்றாவிட்டால் நடு ராத்திரியில் கரகரப்பு. இவை காதுள்ள எவருக்கும் கேட்கும் குறைகள். இவற்றுக்கு மருந்து தங்கமன்று, ஒழுங்கான வேலை.

ஆகவே தயாரிப்பாளர் உயர்ரகக் கம்பி தந்தால் அந்த மூடநம்பிக்கைக்குப் பங்காளியாவார். அதன் விலையும் செட்டின் விலைக்குள் ஒளிந்துகொள்ளும். நூல் ஒயர் தந்தால் அந்த வியாபாரத்துக்குக் கதவு திறந்துவிடுகிறவர் ஆவார். "வாங்குகிறவர் வீட்டுத் தூரம் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற அவரது ஆட்சேபம் நியாயமானது. 2020-இல் ஆப்பிள் நிறுவனம் குப்பையைக் குறைப்பதாகச் சொல்லித் தன் போனுடன் சார்ஜர் தருவதையே நிறுத்திவிட்டது. அந்த வாதத்திலும் சாரம் உண்டு. ஆனால் அதே வாயால் வேறொரு உதாரணமும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் மின்சாதனங்களைப் பிளக் இல்லாமலே விற்று, வாங்குகிறவர்களே மாட்டிக்கொள்ளும்படி விட்டிருந்தார்கள். 1994-இல் சட்டம் போட்டு, சரியான பிளக்குடன்தான் விற்க வேண்டும் என்றார்கள். தங்கப் பிளக் கேட்கவில்லை. சரியான பிளக் கேட்டார்கள்.

நாம் கேட்பதும் அதுதான். வீட்டுக்குப் போதுமான தடிமனில், அறுந்தால் நம்மூரில் ஈயம் வைக்கக்கூடிய ஒரு செம்புக் கம்பி. பெட்டியின் மேல் இரண்டு வரி: இத்தனை மீட்டர் வரை இந்தத் தடிமன், அதற்கு மேல் இந்தத் தடிமன். கம்பியே வேண்டாம் என்பவருக்கு விலையில் கழிவு. அந்த இரண்டு வரி அச்சிடக் காசு அதிகம் ஆகாது. ஆனால் கடைக்காரரின் அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம் வேலையிருக்காது.

செஞ்சிக் கோட்டைக் கல்யாண மகாலின் மாடிக்குத் தண்ணீர் ஏற்றியது மண்குழாய். ராஜ குடும்பம் குடிக்கும் நீராயிற்றே என்று யாரும் அதற்குப் பொன்முலாம் பூசவில்லை. ஒழுகாமல் பார்த்துக்கொண்டார்கள், தண்ணீர் ஏறியது.