செஞ்சோற்றுக்கடனும் இரட்டைப் பிரசாவுரிமையும்: திருகோணமலையை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

பிரசாவுரிமை இரண்டாயின் விசுவாசமும் இரண்டாகும் என்பது இந்நாட்டில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் வாதமாகும். இவ்வாதத்தின் வலிமை படைச்சேவை பற்றிய வினாவிலேயே முழுமையாக வெளிப்படுகின்றது. ஒருவர் இரண்டு நாடுகளுக்கும் வரி செலுத்தலாம். இரண்டு நாடுகளிலும் வாக்களிக்கலாம். ஆனால் ஓர் உடல் ஒரே வேளையில் இரண்டு படைகளில் நிற்க இயலாது. ஆதலின் இரட்டைப் பிரசாவுரிமை என்னும் ஏற்பாட்டை உரைத்துப் பார்ப்பதற்குப் படைக்கடனே தக்க உரைகல் எனலாம்.

தமிழ் மரபில் இவ்வினா புதியதன்று. பாரதக் கதையிற் கர்ணனின் நிலை இதுவேயாகும். போருக்கு முன்னரே அவனுக்குத் தன் பிறப்புத் தெரிந்துவிடுகின்றது. எதிர்ப்படையில் நிற்போர் உடன்பிறந்தோர் என அறிந்த பின்னரும் அவன் துரியோதனனை விட்டு நீங்கவில்லை. அவனது முடிவைச் சுட்டத் தமிழர் வழங்கும் சொல் செஞ்சோற்றுக்கடன் என்பதாகும். இச்சொல்லிலே பிறப்பு இல்லை, குருதி இல்லை, மண்ணுங்கூட இல்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. உண்ட சோறே கடனுக்கு அடிப்படையாகின்றது. தேசிய உணர்ச்சி மேலோங்கிய மேடைகளிற் புறநானூற்றுத் தாயர் மட்டுமே நினைவுகூரப்படுவதும் கர்ணன் மறக்கப்படுவதும் வியப்புக்குரியன. புறநானூற்றுத் தாய்க்கு அரசன் ஒருவனே. அவளிடம் இந்த வினாவைக் கேட்க வேண்டிய தேவை எழவில்லை.

இவ்வினாவை ஆராய்வதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தினும் பொருத்தமான இடம் இலங்கையிற் காண்பதரிது. படையும் பிரசாவுரிமையும் ஒன்றோடொன்று பொருந்தி வராத இடம் அது. போர்த்துக்கேயர் 1624ஆம் ஆண்டிற் கோணேசர் கோயிலைச் சிதைத்துக் கோட்டை கட்டிய காலந்தொட்டு, அத்துறைமுகத்தைக் காத்தோர் பெரும்பாலும் அம்மண்ணுக்குரியோராய் இருந்ததில்லை. ஒல்லாந்தரின் கீழ் இலங்கையிற் சேவை புரிந்த மேரோன் படைப்பிரிவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். இன்று சுவிற்சர்லாந்தின் பகுதியாயுள்ள நியூஷாத்தெல்லைச் சேர்ந்த பிரபு ஒருவருக்குச் சொந்தமான கூலிப்படை அது. 1795ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இயூ கிளெக்கோண் என்னும் பேராசிரியர் அப்பிரபுவோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். அதன்படி அப்படை முழுவதும் பிரித்தானியர் சேவைக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகத்து மாதத்திற் பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்றினர். விசுவாசம் மனத்திற் பிறப்பது என்போர் அது ஒரு தாளிற் கைமாறிய இந்நிகழ்ச்சியைச் சிந்தித்தல் நன்று.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1803ஆம் ஆண்டிற் கண்டியிலே பிரித்தானியப் படை சரணடைந்தபோது, அதன் மலாயக் கப்ரின் நூருதீன் கண்டியரசன் படையிற் சேருமாறு கேட்கப்பட்டார். அரசன் பக்கத்திலும் மலாயர் இருந்தனர். மொழியும் சமயமும் இனமும் அங்கே அவரை அழைத்தன. அவரோ முன்னர் செய்த சத்தியத்தைக் காட்டி மறுத்துக் கொலைத் தண்டனையை ஏற்றார். கர்ணனின் கதையை அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. செஞ்சோற்றுக்கடன் எம்மொழியிலும் விளங்கக்கூடியதே.

பிறப்பினால் வரும் விசுவாசம் அழியாதது என்பதே அக்காலப் பிரித்தானியச் சட்டத்தின் நிலைப்பாடாகும். பிரித்தானியக் குடியாய்ப் பிறந்தவன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றாலும் பிரித்தானியனே என்று கூறி, அமெரிக்கக் கப்பல்களிலிருந்து மாலுமிகளைப் பிடித்துச் சென்று கடற்படையில் வலிந்து சேர்த்தனர். 1812ஆம் ஆண்டுப் போருக்கு இது முக்கிய காரணங்களுள் ஒன்றாயிற்று. அதே 1812ஆம் ஆண்டிலேதான் பம்பாயில் ஒரு போர்க்கப்பலைக் கட்டுமாறு பிரித்தானியக் கடற்படை ஆணையிட்டது. 1817இல் நீரில் இறங்கிய அக்கப்பலின் பெயர் ‘திருகோணமலை’. அது இன்றும் இங்கிலாந்தின் ஆட்டில்பூல் நகரிற் காட்சிப்பொருளாய் மிதக்கின்றது. பிறநாட்டுக் குடியுரிமை பெற்றவன் பிரித்தானியக் குடியல்லாதவனாகலாம் என்பதைப் பிரித்தானியா 1870ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே ஒப்புக்கொண்டது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலங்கையர் பிரசைகளாய் இருக்கவில்லை. முடியின் குடிகளாகவே இருந்தனர். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளும் அத்தாக்குதலுக்கு உள்ளாயின. அடுத்த மாதமே கொக்கோசுத் தீவிற் காவல் புரிந்த இலங்கைப் பீரங்கிப் படையினருட் சிலர் கிளர்ச்சி செய்தனர். கிராசியன் பெர்ணாண்டோ உள்ளிட்ட மூவர் அவ்வாண்டு ஆகத்திலே தூக்கிலிடப்பட்டனர். தமக்கென ஒரு நாட்டின் பிரசாவுரிமை இல்லாதோர் துரோகிகளாய்த் தண்டிக்கப்படக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது. சுதந்திரத்தின் பின்னரும் பொருத்தமின்மை நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினர் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது. துறைமுகத்தையும் கடற்படைத் தளத்தையும் நம்பி வாழ்ந்த தொழிலாளருள்ளும் இந்தியாவிலிருந்து வந்தோர் இருந்தனர். ஆனால் 1947ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் பயனாய்ப் பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் வரை அங்கேயே நிலைத்திருந்தது. உழைத்தவன் அந்நியனாய் நிற்க, அந்நியப் படை உரிமையோடு நின்றது.

இனி, இவ்வினாவைத் தீர்ப்பதற்கென எழுந்த சர்வதேசச் சட்டத்தை நோக்குவோம். 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி ஹேக் நகரிலே, இரட்டைத் தேசியம் உடையோரின் இராணுவக் கடமைகள் பற்றிய நெறிமுறை ஒன்று நிறைவேற்றப்பட்டது. அதன் முதல் உறுப்புரையின் சாரம் எளியது. இரண்டு தேசியமுடைய ஒருவர் அவற்றுள் ஒரு நாட்டில் வழக்கமாக வதிந்து, உண்மையில் அந்நாட்டோடு மிக நெருங்கிய தொடர்பு உடையவராயின், மற்ற நாட்டின் படைக்கடனிலிருந்து விலக்குப் பெறுவார். குருதியையும் பிறப்பையும் விட்டு வதிவிடத்தைப் பற்றிக்கொண்டமை இந்நெறிமுறையின் பெருஞ்சிறப்பாகும். இராசதந்திரிகள் அறிந்தோ அறியாமலோ செஞ்சோற்றுக்கடனையே சட்டமாக்கினர் எனின் மிகையாகாது.

எனினும் இந்நெறிமுறை குறையுடையது. முதலாவதாக, நெருங்கிய தொடர்பு எதுவென அளப்பவர் யார் என்பதை அது கூறவில்லை. ஆளைக் கேட்கும் அரசே அளவுகோலையும் கையில் வைத்திருக்கின்றது. அடுத்து, விலக்குப் பெறுவதனால் மற்ற நாட்டின் தேசியம் இழக்கப்படலாம் எனவும் அவ்வுறுப்புரையே கூறுகின்றது. அதாவது விலக்கு என்பது இனாமன்று. ஒரு பிரசாவுரிமையை விலையாகக் கேட்கக்கூடிய விலக்கு. எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்றாகும். அமைதியான இரண்டு வீடுகளுக்கிடையே தன் விருப்பப்படி நடமாடும் மனிதனையே அது மனத்திற் கொண்டுள்ளது. ஒரு வீட்டிலிருந்து துரத்தப்பட்டவனின் வதிவிடம் அவனது தெரிவா என்னும் வினாவை அது எழுப்பவேயில்லை. 1963ஆம் ஆண்டு திராசுபேர்க் உடன்படிக்கையும் 1997ஆம் ஆண்டு ஐரோப்பியத் தேசிய உடன்படிக்கையும் சில இடங்களில் தெளிவு கூட்டியுள்ளன. ஆனால் அவை இலங்கையைக் கட்டுப்படுத்துவனவல்ல.

இரண்டு நாடுகளும் தம்முட் போரிட்டால் என் செய்வது என்பதற்கும் நெறிமுறையில் விடையில்லை. கலிபோர்னியாவிற் பிறந்து யப்பானியத் தேசியமும் பெற்றிருந்த தொமோயா கவாக்கித்தா என்பவர் போர்க்காலத்தில் யப்பானில் வாழ்ந்து, அமெரிக்கப் போர்க்கைதிகள் வேலை செய்த தொழிற்சாலையிற் பணிபுரிந்து, அவர்களைக் கொடுமைப்படுத்தினார். பின்னர் அமெரிக்கா திரும்பிய அவரைத் தேசத்துரோகி என்றே அமெரிக்க உயர் நீதிமன்றம் 1952இல் உறுதி செய்தது. அவரது செயல் கண்டிக்கத்தக்கதே. ஆனால் வதிவிடமே கடனைத் தீர்மானிக்கும் என்னும் கொள்கை போர் மூண்டதும் எவ்வளவு விரைவிற் கைவிடப்படுகின்றது என்பது கவனிக்கத்தக்கது.

இலங்கையின் சட்டமோ இவ்விடயத்தில் விசித்திரமானது. இந்நாட்டில் இளைஞரைக் கட்டாயமாகப் படைக்கு அழைக்கும் முறை நடைமுறையில் இருந்ததில்லை. 1978ஆம் ஆண்டு யாப்பின் 28ஆம் உறுப்புரை பிரசைகளின் கடமைகளை அடுக்கிச் செல்கின்றது. படைச்சேவை அவற்றுள் இல்லை. இரட்டைப் பிரசாவுரிமைக்கு 1987ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வழிசெய்தது. அதே ஆண்டு யூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்கள், இந்திய நலனுக்குப் பாதகமாக எந்நாடும் திருகோணமலைத் துறைமுகத்தைப் படைத்தேவைக்குப் பயன்படுத்த இடமளிக்கலாகாது என்றன. மனிதருக்கு இரண்டு நாடுகள் அனுமதிக்கப்பட்ட ஆண்டிலேயே துறைமுகத்தின் படைப்பயன்பாடும் இரண்டு நாடுகளின் விடயமாயிற்று!

படைக்கடன் கேளாத இந்நாடு, இரட்டைப் பிரசையைப் பாராளுமன்ற வாயிலில் மட்டும் தடுத்து நிறுத்துகின்றது. 2015இல் 19ஆம் திருத்தம் தடை விதித்தது. 2020இல் 20ஆம் திருத்தம் நீக்கியது. 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் விதித்தது. சுவிசுப் பிரசாவுரிமையும் கொண்டிருந்த கீதா குமாரசிங்க 2017இல் நீதிமன்றத் தீர்ப்பினால் ஆசனத்தை இழந்தார். ஆனால் 2005 முதல் 2015 வரை பாதுகாப்புச் செயலாளராய் இருந்த கோத்தபாய ராஜபக்ச அக்காலத்தில் அமெரிக்கப் பிரசையுமாவார். சட்டமியற்றும் அவையில் ஓர் ஆசனத்துக்குத் தகாத இரட்டை விசுவாசம் முப்படைகளையும் மேற்பார்வை செய்யும் பதவிக்குத் தகுமாயின், அத்தடை விசுவாசத்தைப் பற்றியதன்று, அரசியற் போட்டியைப் பற்றியது என்ற முடிவுக்கே வரவேண்டியுள்ளது.

இவ்வாதங்களின் உண்மையான சுமையைத் தாங்குவோர் அரசியல்வாதிகளல்லர். 1983, 1990, 2006 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களாலும் போராலும் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளே அவர்கள். பிரித்தானியாவிலும் கனடாவிலும் அவுத்திரேலியாவிலும் வளர்ந்தோருக்கு இன்று கட்டாயப் படைச்சேவை இல்லை. சிங்கப்பூர், நோர்வே, டென்மார்க், சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளின் பிரசைகளானோருக்கு அக்கடன் உண்டு. சிங்கப்பூர் 1967 முதல் இதனைக் கண்டிப்பாக நடத்துகின்றது. சேவையை முடிக்காதவன் பிரசாவுரிமையைத் துறக்க முனைந்தால் அத்துறவைப் பதிய மறுக்கவும் அரசுக்கு அதிகாரமுண்டு.

சுவிற்சர்லாந்து 1992 முதல் இரட்டைப் பிரசாவுரிமையை ஏற்று வருகின்றது. அங்கு பதினெட்டு வயதான ஆண்பிள்ளைக்கு அழைப்புக் கடிதம் வருகின்றது. சேவை செய்யாதவர் வருமானத்தில் நூற்றுக்கு 3 வீதம், குறைந்தது 400 பிராங்கு, ஈட்டுவரி செலுத்தவேண்டும். 1996 முதல் படைக்குப் பதிலாகக் குடிசார் சேவை உண்டு. அது ஒன்றரை மடங்கு நீண்டது. 2009 வரை அதனை நாடியோர் தம் மனச்சான்றின் காரணத்தை எடுத்துரைக்கவும் வேண்டியிருந்தது. துப்பாக்கியிலிருந்து தப்பிய தாய் தந்தையரின் மகன் துப்பாக்கி ஏந்த மறுப்பதற்கு வேறு என்ன காரணம் கூறுவான்? எனினும் அழைப்பு அநீதியானது எனக் கூறிவிட முடியாது. புகலிடம் தந்த நாடு சோறும் கல்வியும் தந்தது. கர்ணனின் அறம் அதனை ஏற்கும். மேரோன் படையின் நாட்டவர் ஒருகால் கூலிக்கு இலங்கைக்கு வந்தனர். இன்று இலங்கையரின் பிள்ளைகள் அந்நாட்டுச் சீருடையை அணிகின்றனர். இதில் நாணத்தக்கது எதுவுமில்லை. கர்ணனோ சோற்றைத் தானே தெரிந்தான். இப்பிள்ளைகளுக்காகத் தெரிந்தது போர். அந்தப் போரில், எந்தப் பிரசாவுரிமையையும் சட்டத்தையும் காட்டாமலே, சிறுவரையும் இளைஞரையும் விடுதலைப் புலிகள் பலவந்தமாகப் படையிற் சேர்த்தமையும் யுனிசெவ் முதலிய நிறுவனங்களினாற் பதிவு செய்யப்பட்டுள்ளது. அதிலிருந்து தப்புவிக்கவென்றே பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோரும் உளர்.

வதிவிடமே கடனுக்கு அடிப்படையெனின், வதிவிடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் மெய்யானதாய் இருத்தல் வேண்டும். சமாதான காலத்தில் வெளிநாட்டில் வதியும் சுவிசுப் பிரசைக்குப் படைச்சேவையிலிருந்து விலக்குண்டு. ஆகவே சம்பூரை மூலமாகக் கொண்ட ஒரு சுவிசு இளைஞர் பெற்றோரின் ஊருக்கே திரும்பி வாழ்வாராயின், இரு நாடுகளும் அவரைப் படைக்கு அழைக்க மாட்டா. ஆனால் சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தனர். 2007இல் அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியிற் கடற்படை முகாம் அமைந்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே மக்கள் மீளக் குடியமர முடிந்தது. இழந்த பிரசாவுரிமையை அவ்விளைஞரோ பெற்றோரோ மீளப்பெற விரும்பினால், 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அமைச்சருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர் பிரசையாவதால் இலங்கைக்கு நன்மை உண்டா என்பதை அமைச்சரே தீர்மானிப்பார். நாடு அவருக்குச் செய்ய வேண்டியது எதுவும் உண்டா என்பதைத் தீர்மானிக்குமாறு அச்சட்டம் எவரையும் பணிக்கவில்லை.