கோழிக்கூடும் கிணற்றடிப் பெட்டியும்

"மாமா, உது பெட்டியோ, கோழிக்கூடோ?"

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாழ்ப்பாணத்துத் தம்பி கேட்டார். சிங்கப்பூரில் என் மகனோடு வேலை பார்ப்பவர். பொங்கலுக்கு எங்களோடு இருக்க வந்திருந்தார். தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்துகிற சின்ன சர்க்யூட்டுக்கு நானே வரைந்து, வீட்டு த்ரீடி பிரிண்டரில் அடித்துப் பூட்டிய பெட்டி அது. பக்கவாட்டில் வரிசையாகக் காற்றுத் துளைகள். "இவ்வளவு ஓட்டையோட எங்கட ஊரில ஒரு மாரி தாங்காது" என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

கோழிக்கூடு எங்கள் பக்கத்தில் வசவு கிடையாது. நாமக்கல் பக்கம் போனால் பார்க்கலாம். கொட்டகையின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்திருப்பார்கள், வெயில் பக்கவாட்டில் உள்ளே விழாமலிருக்க. பக்கச் சுவருக்குப் பதில் கம்பி வலை. அதன் வழியே வரும் காற்று இல்லாவிட்டால் சித்திரையில் கோழி நிற்காது. என் பெட்டிக்குள் இருக்கிற பவர் சப்ளையும் ரிலேயும் அப்படியே. இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் பெட்டியைக் கறுப்பு பிஎல்ஏ இழையில் அடித்து, துளையே விடாமல் மூடினேன். அந்த இழை 60 டிகிரியிலேயே இளகிவிடும். சேலத்து வெயில் 40-ஐத் தொடும்போது கறுப்புப் பெட்டிக்குள் என்ன ஆகும்? மூடி நடுவில் உப்பி, திருகு இருந்த நான்கு மூலைகள் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றன. அதற்குப் பிறகுதான் வெள்ளை பெட்ஜி இழைக்கு மாறினேன். அது 80 டிகிரி வரைக்கும் தாங்கும்.

பிறகு நானும் மகனும் அவர் ஊருக்குப் போனோம். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம். அங்கே வற்றாத ஆறு கிடையாது, சுண்ணாம்புக்கல் தரை, கிணறுதான் எல்லாம். அவர் வீட்டுக் கிணற்றடியில் அதே வேலையைச் செய்கிற பெட்டி ஒன்று இருந்தது. பார்த்ததும் ஒன்று புரிந்தது: அவரிடமும் என்னிடமும் இருக்கிற இயந்திரம் ஒன்றே, 0.4 மில்லி முனை, 1.75 மில்லி இழை. 2005-ல் இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ரெப்ராப் என்ற த்ரீடி பிரிண்டர் திட்டத்தைத் தொடங்கி, 2009-ல் இந்த முறையின் பழைய காப்புரிமையும் முடிந்த பிறகுதான் இது வீட்டு மேசைக்கு வந்தது. ஆனால் பெட்டி வேறு. ஒரு துளை கிடையாது. ஒயர்கள் அடிப்பக்கமாக ரப்பர் கிளாண்ட் வழியே நுழைகின்றன. நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு விட்டிருக்கிறார், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிட. திருகெல்லாம் எவர்சில்வர், உப்புக்காற்றுக்காக. பித்தளை மரைகளைச் சால்டரிங் அயர்னால் சூடேற்றிச் சுவருக்குள் இறக்கியிருந்தார். மூடியைச் சுற்றி சிலிக்கான்.

நல்ல வேலை. ஆனால் உள்ளே ஒரு ரிலே போனால் பிளேடால் சிலிக்கானை அறுக்க வேண்டும். எங்கள் முறையில் அந்தத் தொல்லை இல்லை. மூலையில் ஓர் அறுகோணக் குழி விட்டு, அதில் சாதா நட்டை உட்கார வைப்போம். நான் போடும் நட்டின் அகலம் 5.5 மில்லி. அதே அளவில் குழி வரைந்தால் உள்ளே போகாது, இழை கொஞ்சம் பிதுங்கிவிடும். 5.7 வரைந்து கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்'கென்று பொருந்தும். மரை தேய்ந்துபோனால் நட்டை நெம்பி எடுத்து வேறு போடலாம். ஒரு பெட்டியை எத்தனை முறை திறந்து மூடலாம் என்றுதான் எங்கள் ஊரில் முதலில் பார்ப்போம். லாரி பாடி கட்டுகிறவர்களும் ரிக் வண்டிக்காரர்களும் நிறைந்த சீமை இது. கழற்ற முடியாததை இங்கே யாரும் வாங்கமாட்டார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்குப் பதில் இல்லை. அவர் பெட்டிக்குள் ஃபியூஸ் இல்லையே என்றேன். பிளக்கைக் கழற்றிக் காட்டினார். 13 ஆம்பியர் சதுரக்கால் பிளக், அதற்குள்ளேயே ஃபியூஸ். நம் உருண்டைக்கால் பிளக்கில் அது கிடையாது, அதனால்தான் நான் ஒவ்வொரு பெட்டியிலும் ஃபியூஸ் ஹோல்டருக்கு இடம் ஒதுக்குகிறேன்.

பேச்சு வேலையைவிட நீண்டது. நாம் மின்னணுவியல் என்பதை அவர் இலத்திரனியல் என்கிறார். பேட்டரியைப் பற்றறி என்று எழுதுகிறார். மின்தேக்கி என்று பாடத்தில் படித்துவிட்டு நாம் கடையில் கெப்பாசிட்டர் என்றே கேட்கிறோம். அவர் கொள்ளளவி, தடையி, இருவாயி என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனாலும் தமிழ் அங்கேதான் பத்திரமாக இருக்கிறது என்று மகன் சொன்னபோது நான் ஒப்பவில்லை. 'மரை' என்ற சொல் எந்தப் பாடநூலிலிருந்தும் எங்கள் பட்டறைகளுக்கு வரவில்லை. மனிதனுக்கே மரை கழன்றுவிட்டது என்று சொல்லும் அளவுக்கு அது எங்கள் வாயில் ஊறிய சொல்.

கிளம்பும் முன் அவர் அப்பா ஒரு பழைய பேணியைக் கொண்டுவந்தார். தகரடப்பாவை அவர்கள் பேணி என்கிறார்கள். 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பற்றறி வராத வருடங்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டிருக்கிறார்கள். அந்த இணைப்பெல்லாம் இந்தப் பேணிக்குள் இருந்ததாம். ஆணியால் குத்திய துளை ஒவ்வொன்றின் விளிம்பிலும் துணி சுற்றி ஒட்டியிருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். அதைப் பற்றி நான் ஒன்றும் ஒப்பிட்டுச் சொல்லவில்லை. மறுநாள் நல்லூர் போய்விட்டு ஊர் திரும்பினோம். நான் பார்த்த கிணற்றடி அது ஒன்றுதான்.

இந்தச் சித்திரைக்கு முன் புதுப்பெட்டி அடித்தேன். ஒயர்கள் இப்போது கீழிருந்து வளைந்து நுழைகின்றன. துளைகளின் மேல் சாய்வாக ஒரு தடுப்பு, கோழிப்பண்ணைக் கூரை நீட்டிக்கொண்டிருப்பது போல. படம் அனுப்பினேன்.

"வடிவாயிருக்கு மாமா. ஓட்டை இன்னும் கிடக்குது."

"கிடக்கும் தம்பி" என்று பதில் போட்டேன்.