கத்தினால் காப்பாற்ற முடியுமா?

குழந்தையிடம் குரலை உயர்த்தக் கூடாது என்று சொல்லாத குழந்தை வளர்ப்பு வகுப்பே இன்று கிடையாது. அதே மூச்சில் ஒரு சலுகையும் கொடுத்துவிடுவார்கள்: ஆபத்து என்றால் கத்தலாம். இந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. லாரி வரும்போது மென்மையாகப் பேசச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? விதியைப் பற்றி ஊரே விவாதிக்கிறது. விதிவிலக்கு மட்டும் சோதனை இல்லாமல் உள்ளே போய்விடுகிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

கத்தலின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் குறையில்லாமல் சொல்லிவிடலாம். அலறலுக்கும் உரத்த பேச்சுக்கும் உள்ள வேறுபாடு சத்தத்தின் அளவு மட்டுமல்ல. லூக் ஆர்னல், டேவிட் போப்பெல் முதலானோர் 2015-இல் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, அலறும்போது ஒலியின் வலு நொடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்குகிறது. சாதாரணப் பேச்சில் இந்த ஏற்ற இறக்கம் மிக மெதுவாகவே நடக்கும். அலறலின் இந்தச் சொரசொரப்புதான் மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா பகுதியைத் தட்டி எழுப்புகிறது. ஆபத்து மணிகளின் ஒலியிலும் இதே குணம் இருப்பதாக அந்த ஆய்வு சொல்கிறது. ஆக, பந்தின் பின்னால் தெருவுக்கு ஓடும் பிள்ளையைப் பார்த்துத் தாய் அலறுவது நாகரிகக் குறைவும் இல்லை, பொறுமைக் குறைவும் இல்லை. விளையாட்டில் மூழ்கிய காதுக்குள் நுழைய இயற்கை வைத்திருக்கும் கதவு அது. அந்த இடத்திலும் “கண்ணா, அங்கே போக வேண்டாம்மா” என்று தேன் குழைத்துச் சொல்லச் சொல்பவர்கள், தெருவில் பிள்ளை வளர்க்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கதவு திறந்ததும் குழந்தையின் உடல் என்ன செய்கிறது? திடுக்கிடுகிறது. கண் இமைக்கிறது, தோள் குறுகுகிறது, மூச்சு சடாரென்று உள்ளே இழுக்கப்படுகிறது. செய்துகொண்டிருந்த வேலை ஒரு கணம் அறுந்து போகிறது. சாலையோரத்தில் இது லாபம்; எடுத்த கால் நின்றுவிடும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கும் பிள்ளைக்கு இதுவே பெரிய நஷ்டம். சுவரில் இருப்பவன் திடுக்கிடக் கூடாது. அங்கே செய்ய வேண்டியது பேசாமல் பின்னால் போய் இடுப்போடு சேர்த்துப் பிடிப்பது. தூரம் அதிகமென்றால் அன்றாடக் குரலில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நெருங்குவது. வாயில் நிலக்கடலையைப் போட்டுக்கொண்டு ஓடும் இரண்டு வயதுக் குழந்தையிடம் “துப்பு!” என்று அலறினால், சடாரென்று இழுத்த மூச்சோடு கடலை மூச்சுக்குழாய்க்குள் போகலாம். கையில் அரிவாள்மனை, முன்னால் உறுமும் நாய், அடுப்பில் கொதிக்கும் குழம்புச் சட்டியின் கைப்பிடியில் விரல்: எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். உடல் துள்ளினால் நல்லதா, துள்ளாமல் இருந்தால் நல்லதா? கத்துவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு நொடியில் எப்படிக் கேட்க முடியும் என்றால், அந்த நொடியில் முடியாதுதான். வீட்டில் எந்தெந்த இடத்தில் என்ன செய்வது என்று முன்பே ஒரு தடவை யோசித்தவருக்குத்தான் அது கைகொடுக்கும்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. கத்தல் நிறுத்தும், வழி சொல்லாது. பள்ளிவிடும் நேரத்தில் எந்த ஊர்ப் பள்ளி வாசலிலும் இதைப் பார்க்கலாம். பிள்ளை அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம், நடுவில் ஷேர் ஆட்டோவும் மினி பஸ்ஸும். பிள்ளை அம்மாவைப் பார்த்துவிட்டது, முகம் மலர்கிறது, ஒரு காலைத் தார்ச்சாலையில் வைக்கிறது. அம்மா பதறிப்போய்ப் பெயரைச் சொல்லிக் கூவுகிறாள். பிள்ளைக்குத் தன் பெயர் என்பது அழைப்பு. பிறந்தது முதல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போக வேண்டும் என்றுதான் பழக்கியிருக்கிறோம். அது பஸ்ஸைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது, ஓடி வருகிறது. அந்த இடத்தில் “அங்கேயே நில்லு!” என்ற ஒன்றுதான் வேலை செய்யும்.

தடைச்சொற்களிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஓடாதே, தொடாதே, ஏறாதே என்று நாம் கத்தும்போது செய்யக் கூடாத செயல்தான் முதலில் காதில் விழுகிறது. வேண்டாம் என்பது வாலில் தொங்குகிறது. தெரு இரைச்சலில் அந்த வால் அறுந்து போனால் மிஞ்சுவது எதிர்க்கட்டளைக்கு மிக அருகில் நிற்கும். “ஐயோ”வோ அதைவிட மோசம்; அது கத்துபவரின் நிலைமையை மட்டுமே சொல்கிறது. நில்லு, விடு, பின்னாடி வா. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் குறுஞ்சொற்கள் இவைதான்.

சொல் எவ்வளவு சரியாக இருந்தாலும் கேட்கும் பிள்ளைக்கு வயது வேண்டும். ஒன்றரை, இரண்டு வயதில் ஓடும் காலைத் தானே அடக்கும் திறன் மூளையில் இன்னும் உருவாகியிருப்பதில்லை. பல குழந்தைகளுக்கு அம்மா கத்திக்கொண்டே பின்னால் வருவது விளையாட்டு. சிரித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடும். மூன்று வயது வரை குரலை நம்பக் கூடாது, கையை நம்ப வேண்டும். மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள், கிணற்றுக்கு மூடி, சாலையில் இறுகப் பிடித்த மணிக்கட்டு. காது கேளாத பிள்ளை, திடீர்ச் சத்தத்தைத் தாங்காத ஆட்டிசப் பிள்ளை உள்ள வீடுகளில் கத்தலுக்கு இடமே இல்லை. அந்தப் பெற்றோர் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

கத்தல் எப்போது முழுமையாகப் பலிக்கிறது என்பதற்கு ஜப்பானில் அடுத்தடுத்த இரண்டு நாட்கள் சான்று. 2011 சுனாமியின்போது எச்சரிக்கை அறிவிப்புகள் நிதானக் குரலில் வந்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகு என்ஹெச்கே தொலைக்காட்சி தன் அறிவிப்பு முறையை மாற்றிக்கொண்டது. 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் நிலம் நடுங்கியபோது, டிவி பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஓடுங்கள் என்று அறிவிப்பாளர் குரலை உயர்த்தி ஆணையிட்டார். மறுநாள் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. ஒலிபெருக்கி அமைப்பு செயலிழந்த நிலையில், பணியாளர்கள் மெகாபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்தியே 8 குழந்தைகள் உட்பட விமானத்தில் இருந்த 379 பேரையும் வெளியேற்றினார்கள். இரண்டு இடத்திலும் கத்தியவர்கள் பதற்றத்தில் கத்தவில்லை. என்ன சொல் சொல்ல வேண்டும் என்பது முன்பே முடிவாகி, பயிற்சியாகியிருந்தது. அவர்கள் உயர்த்தியது குரலைத்தான், கோபத்தை அல்ல.

குழந்தைகளுக்கு இன்னும் நெருக்கமான சான்று சுமத்ராவுக்கு மேற்கே உள்ள சிமலூ தீவு. 1907-இல் அங்கே பேரலை வந்து ஏராளமானோர் மாண்டார்கள். பிறகு ‘ஸ்மாங்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பாட்டிலும் பாட்டிமார் கதையிலும் வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள்: நிலம் வலுவாக நடுங்கி, கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அந்தச் சொல்லைக் கூவிக்கொண்டே மக்கள் மலைமேல் ஏறினார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். சிமலூவில் மேடு பக்கத்திலேயே இருக்கிறது, நாகை தட்டையான கரை, நிலநடுக்கத்தை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது நாகையில் உணரப்படவும் இல்லை. ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் வைப்பது நியாயமாகாது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் தங்கியிருந்த பொருள்தான் அந்தக் கூவலை உயிர்காப்பதாக ஆக்கியது என்பதில் சந்தேகமில்லை. பொருள் ஊட்டப்படாத சொல்லை எவ்வளவு உரக்கக் கத்தினாலும் அது வெறும் சத்தம்.

நம் வீடுகளில் அந்தச் சத்தமும் தேய்ந்துபோய்விட்டது. காலை ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தால் எழும் குரலும், கேஸ் அடுப்புப் பக்கம் பாவாடை போகும்போது எழும் குரலும் ஒரே சுருதி. ஹோம்வொர்க், சாக்ஸ், சிந்திய பால், அணைக்காத டிவி என எல்லாமே உச்சஸ்தாயி. புலி வருது, புலி வருது என்று தினமும் நாலு தடவை கத்தினால், நிஜப் புலிக்குத் திரும்பிப் பார்க்கப் பிள்ளைக்கு என்ன காரணம் இருக்கிறது? திரும்பத் திரும்பக் கேட்கும் ஒலிக்கு உடல் திடுக்கிடுவது குறைந்துகொண்டே போகும். ஆபத்துக்குக் கத்தலாம் என்ற சலுகையை அனுபவிக்க, மற்ற நேரத்தில் கத்தாதவராக இருந்தாக வேண்டும். சலுகை கொடுப்பவர்கள் இந்த நிபந்தனையைச் சேர்த்துச் சொல்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு ஆய்வை எல்லோரும் எடுத்து வீசுவார்கள். மிங்-டே வாங், சாரா கென்னி ஆகியோர் 2013-இல் வெளியிட்டது. 13 வயதில் பெற்றோரின் கடுஞ்சொற்களுக்கு ஆளான பிள்ளைகளிடம் அடுத்த ஓராண்டில் நடத்தைச் சிக்கல்களும் மனச்சோர்வு அறிகுறிகளும் கூடின. பெற்றோர் மற்ற நேரத்தில் பாசமாக இருந்ததும் அந்தப் பாதிப்பைக் குறைக்கவில்லை. முக்கியமான ஆய்வு. ஆனால் அது அளந்தது கண்டிப்பு என்ற பெயரில் திரும்பத் திரும்பத் திட்டுவதையும் இழிவாகப் பேசுவதையும். லாரிக்கு முன் எழும் ஓர் அலறலுக்கு எதிராக அதைக் காட்டுவது தவறு. அலறலுக்குப் பின்னால் வருவதற்குத்தான் அது பொருந்தும்.

அந்தப் பின்னால் வருவதில்தான் இந்தப் பழக்கத்தின் உண்மையான கோளாறு இருக்கிறது. பிள்ளையை இழுத்தாகிவிட்டது, ஆட்டோ போய்விட்டது. இப்போது ஆரம்பிக்கும்: “அறிவிருக்கா உனக்கு? கண்ணு எங்க இருக்கு? எத்தனை தடவை சொல்றது?” முதுகில் நாலு சாத்து. பூக்கடைக்காரம்மா, “நல்லா போடும்மா, அப்பதான் பயம் இருக்கும்” என்று ஒத்து ஊதுவார். ஆட்டோவுக்கான கத்தல் ஒரு நொடியில் முடிந்துவிட்டது. மீதி ஐந்து நிமிடமும் நம் நடுக்கத்துக்கான கத்தல். நம் வீடுகளில் பயம் கோபமாகத்தான் வெளியே வரும். அப்பாக்களிடம் பயம் என்ற ஒன்று இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. இதில் நடுங்குபவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இதைக் கண்டிப்பு என்றோ பாடம் என்றோ சொல்லிக்கொள்வது பொய். வலித்தது அம்மாவின் கை, ஆட்டோ அல்ல. பிள்ளை எதை நினைவில் வைத்துக்கொள்ளும்? அடுத்த முறை கண்ணாடித்துண்டு காலில் குத்தினால் அம்மாவிடம் சொல்லுமா, மறைக்குமா? இழுத்தவுடன் அணைத்துக்கொண்டு, “நான் பயந்துட்டேன்டா” என்று ஒரு வார்த்தை சொன்னால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. பாடத்தை மாலையில் அதே வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லலாம்.

ஆகவே சலுகை செல்லும், ஆனால் அது ஒரு சொல்லுக்கு மட்டும்தான் செல்லும். அந்தச் சொல்லை முன்பே தேர்ந்து, விளையாட்டாகவே பழக்கியிருக்க வேண்டும். தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். பற்றாத புஸ்வாணத்தின் மேல் குனிந்து பார்ப்பவனுக்கு எட்டு, பத்து வயது இருக்கும். அது குரலுக்குக் கட்டுப்படும் வயதுதான். ‘பின்னாடி’ என்று யார் சொன்னாலும் கேள்வி கேட்காமல் வாசற்படிக்கு வந்து நிற்க வேண்டும் என்று வீட்டில் பேசிவையுங்கள். பட்டாசுப் பெட்டியைப் பிரிப்பதற்கு முதல் நாள் மாலை, வெறும் தெருவில், சிரித்துக்கொண்டே நாலு தடவை ஓடவிட்டுப் பாருங்கள்.