புக்கிட் நானாஸ் பள்ளி யாருக்குக் கிடைத்தது?

1680-இல் பிரான்சின் ரீம்ஸ் நகரில் ழான் பத்தீஸ்த் தெ லசால் ஏழைச் சிறுவர்களுக்காக ஒரு கத்தோலிக்க ஆசிரியர் சபையை உருவாக்கினார். அன்றைய பள்ளிகள் வாசிப்பை லத்தீனில் தொடங்கின. அவரோ, பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்த பிரெஞ்சில் தொடங்கினார். கட்டணம் வாங்கவில்லை. ஒவ்வொருவராக அழைத்துப் பாடம் கேட்பதை விட்டு, வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்தும் முறையைப் பரவலாக்கினார். உலகப் பள்ளிக் கல்விக்கு இந்தச் சபை தந்த கொடை சிறியதன்று.

சகோதரர்கள் எனப்படும் சபையின் துறவிகள் 1852-இல் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கால்வைத்தார்கள். 1904-இல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் செயின்ட் ஜான்ஸ் இன்ஸ்டிடியூஷன் தொடங்கியது. பிற்காலத்தில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான், பெட்டாலிங் ஜெயாவிலும் லசால் பெயரில் பள்ளிகள் எழுந்தன. ஆனால் லத்தீனை ஒதுக்கியவரின் சீடர்கள் இங்கே பிள்ளைகளின் வீட்டு மொழியில் தொடங்கவில்லை, ஆங்கிலத்தில் தொடங்கினார்கள். செயின்ட் ஜான்ஸின் பெருமையும் குறையும் இங்கிருந்துதான் பிரிகின்றன.

பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் ஆங்கிலம் தெரிந்த எழுத்தர்கள் தேவைப்பட்ட காலம் அது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலும் செந்தூல் பணிமனையைச் சுற்றியும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, ஆங்கிலப் பள்ளி இறுதித் தேர்வான சீனியர் கேம்பிரிட்ஜின் சான்றிதழ் கூலியிலிருந்து மாதச் சம்பளத்துக்கு ஏறும் படி. 1893-இல் தொடங்கிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷனும் 1897-இல் தொடங்கிய மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியும் அதே வேலையைச் செய்தன. செயின்ட் ஜான்ஸை வேறுபடுத்தியவர்கள் சகோதரர்கள். அவர்களுக்குக் குடும்பம் கிடையாது. சம்பளம் சபையின் பொது நிதிக்குப் போனது. பள்ளிக்கூடமே வீடு. அண்ணனைப் படிக்கவைத்தவரே தம்பியையும் படிக்கவைக்கும் தொடர்ச்சி அதனால் சாத்தியமானது. மாணவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். மலாய், சீன, தமிழ், யுரேசியப் பையன்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். இனவாரியாகப் பிரிந்து கிடந்த காலனி நாட்டில் அந்த அனுபவத்தைத் தரக்கூடிய இடங்கள் குறைவு.

இனிக் குறை. கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு முன்னால் நகரத் தமிழர் ஒரு சிறுபகுதி. பத்துப் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்கும் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. அதன்படி எழுந்தவற்றில் பல, ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர் என்ற அளவில் நின்றன. சில இடங்களில் தோட்ட எழுத்தரான கிராணியோ, மேற்பார்வையாளரான கங்காணியோதான் வாத்தியார். அங்கே சில ஆண்டுகள் தமிழ் படித்த பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளியில் சேரும் வழி பெரும்பாலும் அடைபட்டிருந்தது. கட்டணம், தூரம், வயது, மொழி எல்லாமே தடை. தோட்டத்துப் பிள்ளை பால் மரம் வெட்டப் போவதையே துரைமார் விரும்பினார்கள். அந்த ஏற்பாட்டைச் சகோதரர்கள் உண்டாக்கவில்லை. ஆனாலும் ஏழைக்கென்று தோன்றிய சபை, அரசு மானியத்தோடு நகரத்தில் நிலைத்து, அந்த ஏற்பாட்டுக்குள் அடங்கி வாழ்ந்தது. அதன் வரலாற்றில் இதைவிடப் பெரிய குறையை நான் காணவில்லை.

பள்ளிக்குள் வந்துவிட்ட தமிழ்ப் பையனுக்கும் இழப்பு இருந்தது. தமிழ் பெரும்பாலும் பாட வேளைக்கு வெளியே நின்றது. அலுவலகக் கடிதத்தைப் பிழையின்றி எழுதும் ஒருவர் தமிழ் நாளிதழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலை பல குடும்பங்களில் வந்தது. வேறு வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே 1904-இல் பிரிக்பீல்ட்ஸில் இலங்கைத் தமிழர் விவேகானந்தா ஆசிரமத்தை நிறுவினார்கள். அதன் வழியே தமிழ்ப்பள்ளிகள் வளர்ந்தன. தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் தொடங்கி விக்டோரியாவுக்குப் போனவர். தாய்மொழியில் தொடங்கிப் பின் ஆங்கிலத்துக்குப் போகும் அந்த வரிசை, லசால் ரீம்ஸில் வகுத்த வரிசைக்கு நெருக்கமானது.

ஆண்களுக்கு மட்டும் என்ற ஏற்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1899-இல் தொடங்கிய பெண்கள் பள்ளியான கான்வென்ட் புக்கிட் நானாஸ் பக்கத்திலேயே இருந்தது. செயின்ட் ஜான்ஸ் ஆறாம் படிவத்தில் பெண்களும் பிறகு சேர்ந்தார்கள். ஆனால் கட்டணம் ஒரு பிள்ளைக்குத்தான் கட்ட முடியும் என்ற வீட்டில் யாருக்குக் கட்டியிருப்பார்கள் என்பதை நாம் அறிவோம்.

1970-இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பில் தொடங்கிய மலாய் வழிக் கல்வி 1982-க்குள் ஆறாம் படிவம்வரை வந்தது. தரம் அன்றே விழுந்தது, ஆங்கிலம் திரும்பினால் எல்லாம் திரும்பும் என்று முன்னாள் மாணவர் பலர் இன்றும் நம்புகிறார்கள். அவர்களுடைய ஏக்கம் உண்மையானது. காரணத்தை மட்டும் தவறாகக் கணிக்கிறார்கள். பள்ளியைத் தாங்கியது பயிற்றுமொழி அன்று, இடம் மாறாத ஆசிரியர். சகோதரர்கள் குறைந்தார்கள். நியமனமும் மாற்றமும் கல்வி அமைச்சின் கைக்குப் போயின. பள்ளிக்குப் பழகும் முன்பே தலைமையாசிரியர் வேறு ஊருக்குப் போகக்கூடிய நிலை வந்தது. நிலத்துக்கும் உத்தரவாதம் இருக்கவில்லை. 2021-இல் கான்வென்ட் புக்கிட் நானாஸின் குத்தகை முடியும் தறுவாயில், பள்ளியே போய்விடுமோ என்ற கலக்கத்தை நாடே பார்த்தது.

மலாய் வழி வந்ததால் ஒரு வாசல் திறந்ததையும் சேர்த்தே எடைபோட வேண்டும். தமிழ்ப்பள்ளி முடித்த பையன், தேவைப்பட்டால் மலாய் பழகும் ஓராண்டுப் புகுமுக வகுப்பு படித்து, இப்போது இந்தப் பள்ளிகளுக்குள் வருகிறான். முன்பு வாசலில் நின்றவனின் பேரன் அவன். இன்னொரு பக்கம், பெட்டாலிங் ஜெயாவில் லசால் மரபைச் சேர்ந்த அனைத்துலகப் பள்ளி ஒன்று 2016 முதல் கட்டணத்தோடு ஆங்கில வழியில் நடக்கிறது. வசதியுள்ளவர்கள் பழைய செயின்ட் ஜான்ஸை அங்கே தேடிக்கொள்வார்கள். ஆகவே முன்னாள் மாணவர் சங்கங்களின் பணமும் குரலும் அரசுப் பள்ளியாக இருக்கும் பழைய லசால் பள்ளிகளுக்குத்தான் முதலில் போக வேண்டும். பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு 1961 கல்விச் சட்டமே வழி வைத்தது. அந்தப் பெற்றோரைத் திரட்டுவது, தமிழாசிரியர் பணியிடம் நிரம்பும்வரை அமைச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பது, புகுமுக வகுப்பிலிருந்து வரும் பையனுக்கு மாலையில் மலாயும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்பது ஆகிய மூன்றையும் இந்த ஆண்டே தொடங்கலாம்.