தொடங்கிய வயதா, தாமதமான வருடங்களா?

இருமுனைக் கோளாறு பற்றித் தேடிப் படிப்பவர்கள் சீக்கிரமே இந்த வாக்கியத்தில் முட்டிக்கொள்வார்கள்: சிறு வயதில் தொடங்கினால் நோயின் போக்கு மோசமாக இருக்கும். பதினாறு வயசுப் பிள்ளைக்கு இப்பதான் இந்த நோய் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றால், ராத்திரி ரெண்டு மணிக்கு இதைப் படிக்கும் அப்பா அம்மாவுக்கு அது ஜாதகம் மாதிரி தெரியும். அந்த வாக்கியம் எவ்வளவு எடை தாங்கும்னு பார்க்கலாம்.

இதற்கு அடிக்கடி ஆதாரமாகக் காட்டப்படுவது ராய் பெர்லிஸ் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் ஸ்டெப்-பிடி என்ற பெரிய சிகிச்சை ஆய்வுத் திட்டத்தில் முதலில் சேர்ந்த 1000 பேரின் தரவு. தொடங்கிய வயதைக் கணிக்க முடிந்த 983 பேரில் 272 பேருக்கு 13 வயதுக்கு முன்பே; 370 பேருக்கு 13 முதல் 18 வயதுக்குள். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு! இவர்களிடம் பதற்றக் கோளாறு, போதைப் பழக்கம், தற்கொலை முயற்சி எல்லாம் அதிகம். நோய் அடிக்கடி திரும்பியது, நலமாக இருந்த இடைவெளி குறைவு.

சரி, அந்த வயது எப்படிக் கிடைத்தது? வளர்ந்தவர்களிடம் கேட்டு, அவர்கள் ஞாபகத்திலிருந்து. என் தொழிலில் ஒரு பக் புகாராகப் பதிவான தேதி வேறு, அது கோடுக்குள் நுழைந்த தேதி வேறு. இங்கேயும் அப்படித்தான். முதல் மனச்சோர்வு, முதல் மேனியா, முதல் மருத்துவமனை அனுமதி என்று எதை வைத்தும் 'தொடக்கம்' என்று சொல்லலாம். ஒரே ஆளுக்கு மூன்று வயது வரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 12 வயதில் தொடங்கியவர் 40 வயதில் பேட்டி கொடுத்தால் 28 வருட நோய்க்காலம். 30-ல் தொடங்கியவருக்குப் பத்தே வருடம். வாழ்நாள் எண்ணிக்கைகள் முதலாமவருக்குக் கூடத்தான் செய்யும். ஆனால் இதை மட்டும் வைத்து ஆய்வைத் தள்ளிவிட முடியாது. திட்டத்தில் சேர்ந்த அன்றே நோயின் பிடியில் இருந்தவர்களும் சீக்கிரம் தொடங்கியவர்களில்தான் அதிகம். நோய்க்காலக் கணக்கு அதை முழுசா விளக்காது. வித்தியாசம் நிஜம்தான்.

என் சண்டை, அந்த வித்தியாசத்துக்கு வயது ஒன்றையே காரணமாகச் சொல்வதோடு. 2016-ல் ஜாஸ்லின் குழுவினர் 15 ஆய்வுகளை, மொத்தம் 7,370 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். சீக்கிரம் தொடங்கியவர்களிடம் மனச்சோர்வின் கடுமை, பதற்றம், போதை எல்லாம் கூடுதல். மனப்பிறழ்வு அறிகுறிகளில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. எல்லா வகையிலும் மோசமான தனி நோய் என்றால் இது இடிக்கிறது இல்லையா? அதே பட்டியலில் இன்னொன்று: சிகிச்சை கிடைக்க ஆன தாமதமும் இவர்களுக்குத்தான் அதிகம். ராபர்ட் போஸ்ட் குழுவினர் 2010-ல் 529 பேரை வைத்து எழுதியதில், அந்தத் தாமதம் தனியாகவே பிற்கால மனச்சோர்வு நாட்களோடு ஒட்டி நின்றது. சிறு வயதுத் தொடக்கத்தின் பங்கும் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

தொடங்கிய வயதை யாராலும் மாற்ற முடியாது. தாமதத்தை மாற்றலாம். அப்படியிருக்க, சுருக்கிச் சொல்லும் கட்டுரைகளில் முதலாவது மட்டும் தலைப்பாகிறது. இந்தத் தாமதம் எப்படி வருகிறது என்பதும் புதிரில்லை. பல பேருக்கு முதலில் வருவது மனச்சோர்வுதான், மேனியா பிறகே தலைகாட்டும். அதுவரை நோய்க்கு வேறு பெயர் இருக்கும். வீட்டில் அதற்கு நாம் வைக்கும் பெயர் 'வயசுக் கோளாறு'.