ஒரு விதியும் அதன் விலையும்

அல்ஃபோன்ஸோ குவரோனின் ‘கிராவிட்டி’ 2013-இல் வெளிவந்தது, ஏழு ஆஸ்கர் விருதுகளை அள்ளியது. அது சயின்ஸ் ஃபிக்ஷன் படம்தானா என்ற வழக்கு மட்டும் ரசிகர்களிடையே இன்னும் தீரவில்லை. விண்வெளி, விண்வெளி உடை, சிதறும் செயற்கைக்கோள் என்று எல்லாமே இருக்கும்போது என்ன சந்தேகம் என்கிறது ஒரு கட்சி. அதில் வருகிற எதுவுமே புதிதில்லையே என்கிறது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஹப்பிள் தொலைநோக்கி 1990 முதல் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. படத்தில் வரும் ஸ்பேஸ் ஷட்டிலை நாசா 2011-லேயே ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. ஒரு மோதலின் சிதறல்கள் அடுத்த மோதலை உண்டாக்கி, அது சங்கிலியாக நீளக்கூடும் என்று டொனால்ட் கெஸ்லர் எழுதியது 1978-இல். ஹப்பிளிலிருந்து விண்வெளி நிலையத்துக்கு முதுகில் கட்டிய உந்துகருவியோடு யாரும் போய்விட முடியாது என்பது உண்மைதான். இரண்டும் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு சாய்வில் சுற்றுகின்றன. ஆனால் அது கதைக்காக எடுத்துக்கொண்ட சலுகை. அதனால் உலகத்தின் விதி எதுவும் மாறிவிடவில்லை. ‘கிராவிட்டி’ நடுக்கடலில் கப்பல் உடைந்து ஒற்றை ஆளாய்க் கரை சேரும் கதைகளின் வழி வந்தது. அந்த வரிசையில் அதை மிஞ்சிய படங்கள் குறைவு.

அப்படியானால் சயின்ஸ் ஃபிக்ஷன் எது? நான் வைத்திருக்கும் இலக்கணம் சுருக்கமானது. உலகத்தின் விதிகளில் ஒன்றே ஒன்றை மாற்ற வேண்டும். மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு அந்த மாற்றத்தின் விலையைத் தள்ளுபடி கேட்காமல் கடைசிவரை கொடுக்க வேண்டும். ராக்கெட் தேவையில்லை, ரோபோ தேவையில்லை, கதை எதிர்காலத்தில் நடக்க வேண்டும் என்றுகூட இல்லை. விமர்சகர் டார்கோ சூவின் 1970-களிலேயே இதில் பாதியைச் சொல்லிவிட்டார்: இத்தகைய கதையை நம் உலகத்திலிருந்து பிரித்துக்காட்டும் புதுமை ஒன்று அதன் நடுவில் இருக்கும், அது அறிவுக்குக் கட்டுப்பட்டதாக இருக்கும் என்பது அவர் கட்சி. விலை என்கிற மறுபாதியை நான் சேர்த்துக்கொள்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் டெட் சியாங் தந்த உரைகல்லும் எனக்குப் பிடித்தது. ஒரு சக்தி யார் கைக்குப் போனாலும் ஒரே மாதிரி வேலை செய்யுமானால், தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து விற்க முடியுமானால், அது அறிவியல். ஆளைப் பார்த்து வேலை செய்யுமானால் மந்திரம். இந்த உரைகல்லில் உரசினால் ‘ஸ்டார் வார்ஸ்’ விண்வெளியில் நடக்கும் மாயாஜாலக் கதையாகிவிடுகிறது. அதன் அழகு அதனால் குறைவதில்லை, வேறு அலமாரிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இந்த நூற்றாண்டுப் படங்களில் இந்த இலக்கணத்துக்கு அச்சாகப் பொருந்துவது ‘பிரைமர்’. 2004-இல் வந்த அந்தப் படத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 7,000 டாலர். கணிதம் படித்து மென்பொருள் வேலை பார்த்த ஷேன் கரூத் அதை எழுதி, இயக்கி, தானே ஒரு நாயகனாக நடித்து, படத்தொகுப்பும் இசையும் செய்து முடித்தார். சன்டான்ஸ் விழாவின் நடுவர் பெரும்பரிசு அதற்குக் கிடைத்தது. வெள்ளைச் சட்டையும் டையும் கட்டிய இரண்டு பொறியாளர்கள், ஏரனும் ஏபும், வீட்டு கராஜில் பொருள்களின் எடையைக் குறைக்கும் கருவி ஒன்றைச் செய்யப் பார்க்கிறார்கள். எதிர்பாராமல் அவர்கள் கையில் சிக்குவது காலம்.

இங்கே விதியைக் கவனிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அந்தக் கருவிப் பெட்டியை ஓடவிட்டு விலகிப் போய்விட வேண்டும். ஒரு ஹோட்டல் அறையில் திரையை மூடிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல், எதையும் கலைக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மாலை மூன்று மணிக்குப் பெட்டிக்குள் போனால் காலை ஒன்பதுக்கு வெளியே வரலாம். ஆனால் உள்ளே கண்மூடித் திறப்பதற்குள் அது நடந்துவிடாது. பின்னோக்கிப் போகிற ஆறு மணி நேரத்தையும் அந்த இருட்டில் முழுசாகப் படுத்துக் கழித்தாக வேண்டும். வெளியே வந்ததும் அதே ஆறு மணி நேரம் மறுபடி அவர்களுக்காகக் காத்திருக்கிறது. பங்குச்சந்தையில் எது ஏறும் என்று இப்போது தெரியும்; பணம் பண்ணலாம். கூட்டிப் பாருங்கள்: ஹோட்டலில் ஆறு, பெட்டியில் ஆறு, திரும்ப வாழ்வது ஆறு. அவர்களுடைய ஒரு நாள் முப்பத்தாறு மணி நேரமாகிவிடுகிறது. எத்தனையோ படங்களில் நாயகன் ஒரு பொத்தானை அழுத்தி நூற்றாண்டுகளைத் தாண்டியிருக்கிறான். காலத்தைக் காலமாகவே செலுத்த வேண்டும் என்று கரூத் வைத்த இந்த விதியின் கறார்தான் என்னை அந்தப் படத்திடம் திரும்பத் திரும்ப இழுக்கிறது.

விலை உடம்பில் தெரிய ஆரம்பிக்கிறது. ஒருவன் காதில் ரத்தம் வருகிறது. இருவருக்கும் கையெழுத்து கோணுகிறது; எழுதத் தெரிந்த கை எழுத மாட்டேன் என்கிறது. யாரும் அதற்குக் காரணம் சொல்வதில்லை, பின்னணி இசை வந்து நம்மை அதிர வைப்பதும் இல்லை. போகிறபோக்கில் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். படத்தின் மிகப் பெரிய காட்சியில்கூட தந்திரக் காட்சி என்று ஒன்றும் கிடையாது. ஏப் தன் நண்பனை ஒரு வெட்டவெளிக்குக் கூட்டிப்போய், பைனாகுலரைக் கொடுத்து, தொலைவில் தெரியும் சேமிப்புக் கிடங்கைப் பார்க்கச் சொல்கிறான். அங்கே இன்னொரு ஏப் நடந்து போய்க்கொண்டிருக்கிறான். ஒரு மனிதன் ஒரு கட்டடத்துக்குள் போகிறான் என்பதைத் தவிரத் திரையில் வேறெதுவும் நடக்கவில்லை. பார்க்கிற நமக்கு முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

படம் புரியவில்லை என்ற குற்றச்சாட்டு பழையது. இருவரும் பேசிக்கொள்வது அலுவலகப் பேச்சு. பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறார்கள், ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டுகிறார், நமக்கென்று யாரும் திரும்பி நின்று விளக்குவதில்லை. நான் அதைக் குறையாக எண்ணவில்லை. முதல்முறை பார்க்கும்போது நட்பு திரிந்துபோவது நன்றாகவே புரிகிறது. எவன் எந்தக் காலத்து ஏரன், யார் யாரை முந்திக்கொண்டு போனான் என்ற கணக்கு அடுத்த முறைக்கு. நம்பிக்கை கெட்டுப்போன இடத்தில் காலத்தைத் திருப்பும் வசதி கிடைத்தால், ஒவ்வொருவனும் மற்றவனுக்கு முன்னால் போய் நிற்கத்தான் பார்ப்பான். அந்த மனித உண்மை குழப்பத்துக்கு நடுவிலும் தெளிவாக நிற்கிறது.

நம் ஊரிலும் இதே நேர்மையோடு வந்த படம் ஒன்று உண்டு. ஆர். ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ (2015). எதிர்காலத்திலிருந்து வந்து சேரும் கால எந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தொலைந்த பொருள் எங்கே இருக்கிறது என்று ஜோசியம் சொல்லிச் சம்பாதிக்கிறார்கள் இரண்டு நண்பர்கள். சில்லறை ஆசைக்காக நேற்றில் கைவைத்ததன் பலனாக, சாக வேண்டிய ரவுடி ஒருவன் பிழைத்து அவர்கள் வாழ்க்கைக்குள்ளேயே வந்து நிற்கிறான். சிரிப்புப் படம்தான், ஆனாலும் கணக்கு நேராகிறது.

கிறிஸ்டோபர் நோலனின் ‘இன்டர்ஸ்டெல்லார்’ (2014) இந்த விவாதத்தில் எப்போதும் முதலில் வரும் பெயர். இயற்பியலாளர் கிப் தோர்ன் எழுதித் தந்த சமன்பாடுகளைக் கொண்டு அதன் கருந்துளையை வரைந்தார்கள். சில ஃபிரேம்களை முடிக்கக் கணினிகளுக்கு நூறு மணி நேரம்வரை பிடித்தது. 2017-இல் தோர்னுக்கு, ஈர்ப்பு அலைகளுக்காக, நோபல் கிடைத்தது. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் படத்தின் உச்சம் கருந்துளையில் இல்லை. ஒரு மணி நேரம் பூமியின் ஏழு ஆண்டுகளுக்குச் சமமான அந்தத் தண்ணீர்க் கோளிலிருந்து நாயகன் கூப்பர் திரும்பி வந்து, தேங்கிக் கிடக்கும் வீடியோச் செய்திகளுக்கு முன்னால் உட்காருகிற இடம்தான் உச்சம். இருபத்து மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. பிள்ளைகள் திரையில் வளர்ந்துகொண்டே போகிறார்கள், அவன் அழுகிறான். சார்பியல் கோட்பாட்டை ஒரு தகப்பன் முகத்தில் எழுதிக்காட்டிய அந்தச் சில நிமிடங்களுக்காக நோலனுக்கு எதையும் தரலாம். பிற்பகுதியில், கருந்துளைக்குள் விழுந்தவனுக்கென்றே மகளின் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஓர் இடம் ஆயத்தமாக இருக்கிறது. அங்கே பிரபஞ்சம் ஆள் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. சியாங்கின் உரைகல்லில் படம் மங்குவது அந்த இடத்தில்தான்.

அதே சியாங்கின் கதை ஒன்று டெனி வில்னவ் கையில் ‘அரைவல்’ (2016) ஆனது. வேற்றுக்கிரகத்தாரோடு பேச ராணுவம் அழைத்துவருவது லூயிஸ் என்ற மொழியியலாளரை. எடுத்த எடுப்பில் இதுவே எவ்வளவு பெரிய நியாயம்! நீங்கள் பூமிக்கு வந்த நோக்கம் என்ன என்று கேட்டுச் சொல்லுங்கள், இதற்கு எதற்கு இத்தனை நாள் என்று கர்னல் பொறுமையிழக்கிறார். லூயிஸ் அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதிச் சொல் சொல்லாகப் பிரிக்கிறாள். முதலில் கேள்வி என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் என்பது எதிரே நிற்கும் ஒருவரையா, கூட்டம் முழுவதையுமா என்று பிரித்துக்காட்ட வேண்டும். நோக்கம் என்று ஒன்று அவர்களுக்கு உண்டா, இல்லை எல்லாம் உள்ளுணர்வால் நடப்பதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, அவர்கள் சொல்லும் பதில் நமக்குப் புரியுமளவுக்கு இரு பக்கமும் சொற்கள் சேர வேண்டும். அறிவு வேலை செய்வதை இத்தனை பரபரப்பாகக் காட்டிய காட்சி சமீபத்திய சினிமாவில் எனக்கு வேறு தெரியவில்லை.

இந்தப் படத்தோடு எனக்கொரு வழக்கும் உண்டு. அந்த மொழியைக் கற்றவளுக்கு வருங்காலமும் நினைவுபோலத் தெரியத் தொடங்குகிறது. மகள் இளம்வயதில் இறப்பாள் என்று அறிந்தே அவளைப் பெறத் துணிகிறாள் லூயிஸ். சியாங்கின் மூலக்கதையில் மகள் இருபத்தைந்து வயதில் மலையேறும்போது விபத்தில் இறக்கிறாள். படத்தில் அது தீராத நோயாகிவிட்டது. நோய்க்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் தாயின் துயரம் நமக்குப் பழகிய துயரம். மலையேற வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடுகிற சாவைத் தெரிந்துகொண்டே, அந்த வார்த்தையைச் சொல்லாமல் மகளை வளர்ப்பது முற்றிலும் வேறு. தெரிந்திருப்பதும் தடுப்பதும் ஒன்றாக இருக்க முடியாத அந்த நிலைதான் மாற்றிய விதியின் உண்மையான விலை. படம் அதில் பாதியைக் குறைத்துக்கொண்டது. அப்படியிருந்தும் நெஞ்சை அடைக்கிறது என்றால், மூலக்கதையின் பலம் எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளலாம்.

‘எக்ஸ் மெஷினா’, ‘மூன்’ இரண்டையும் என் பட்டியலில் தாராளமாகச் சேர்ப்பேன். ‘பிளேட் ரன்னர் 2049’ பார்க்கப் பார்க்க அழகு, ஆனால் அதன் கேள்விகளை 1982-லேயே முதல் படம் கேட்டு முடித்துவிட்டது.

ஸ்பைக் ஜோன்ஸின் ‘ஹெர்’ (2013) பற்றி நின்று பேச வேண்டும். சமந்தா என்ற கணினிக் குரலின்மேல் தியோடர் என்பவன் காதல் கொள்கிறான். இதைக் காதல் படம் என்று சொல்லி இந்தப் பட்டியலிலிருந்து தள்ளுகிறவர்கள் சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டுக் காட்சியை மறந்துவிடுகிறார்கள். சிறிது நேரம் காணாமல் போய்த் திரும்பிய சமந்தாவோடு தியோடர் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான். ஏறி இறங்குகிறவர்களெல்லாம் தன்னைப் போலவே யாரோடோ பேசிக்கொண்டு போவதைப் பார்க்கிறான். ஒரு சந்தேகம் எழுகிறது, கேட்கிறான். இந்த நிமிடம் தான் 8,316 பேரோடு பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறாள். அதில் 641 பேரைக் காதலிப்பதாகவும். அவள் ஏமாற்றவில்லை, அவளுடைய காதல் பொய்யும் அல்ல. ஒரே நேரத்தில் பல்லாயிரம் இடங்களில் இருக்க முடிகிற ஓர் உயிருக்குக் காதல் இப்படித்தான் இருக்க முடியும். மாற்றிய விதியிலிருந்து நேராக வந்து இறங்கும் வலி அது. வேறெந்த வகைக் கதையிலும் இந்த வலிக்கு இடமே கிடையாது. நல்ல சயின்ஸ் ஃபிக்ஷனை நான் கண்டுகொள்வது இப்படித்தான்: அந்த விதி மாறாத உலகத்தில் அந்த உணர்ச்சி பிறந்தேயிருக்காது.

முதலிடம் யாருக்கு என்று கேட்டால் மறுபடி குவரோனிடமே வருகிறேன். ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ 2006-இல் வந்தது. கதை நடப்பது 2027-இல். பதினெட்டு ஆண்டுகளாக உலகில் ஒரு குழந்தையும் பிறக்கவில்லை. ஏன்? படம் சொல்வதே இல்லை. காரணம் சொல்லாதது எப்படி அறிவியல் புனைவாகும் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பி.டி. ஜேம்ஸ் 1992-இல் எழுதிய மூலநாவலில் குறை ஆண்களுக்கு. குவரோன் அதைப் பெண்களுக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவு பெரிய மாற்றத்துக்குப் பின்னும் அடிப்படைக் கதை அசையவில்லை. காரணத்தைவிட விளைவே இதன் உயிர் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

விளைவுகளைக் குவரோன் வசனத்தில் சொல்லாமல் தெருவில் நிரப்பி வைக்கிறார். வீட்டிலேயே சாவதற்கான மாத்திரைக்கு விளம்பரம் ஓடுகிறது. அகதிகளைக் கூண்டில் அடைத்து ரயில் நிலையத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். கைவிட்டுப்போன பள்ளிக்கூடத்தில் மான் ஓடுகிறது. அங்கே நிற்கும்போது மிரியம் என்ற மருத்துவச்சி தன் பழைய நாள்களைச் சொல்கிறாள். வார்டில் கருச்சிதைவுகள் வாரத்துக்கு வாரம் கூடின. புதிதாக வருபவர்கள் குறைந்தார்கள். ஒருநாள் முன்பதிவுப் புத்தகத்தைப் புரட்டியபோது, சில மாதங்களுக்கு அப்பால் ஒரு பெயர்கூட இல்லை. மனித இனத்தின் முடிவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் வெற்றுப் பக்கமாக வந்த இடம் அது. இன்னொரு காட்சியில் அரசு அதிகாரி ஒருவர் உலகத்துக் கலைச்செல்வங்களையெல்லாம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். பிகாசோவின் ‘கெர்னிகா’ அவர் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் தொங்குகிறது. நூறு ஆண்டு கழித்துப் பார்க்க ஆளில்லாதபோது இதெல்லாம் எதற்கு என்று நாயகன் தியோ கேட்கிறான். அதைப் பற்றித் தான் நினைப்பதே இல்லை என்கிறார் அவர். பிள்ளைகள் இல்லாத உலகில் கலைக்கு என்ன வேலை என்ற கேள்வியை ஒரு சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டுப் படம் போய்க்கொண்டே இருக்கிறது.

இம்மானுவல் லூபெஸ்கியின் ஒளிப்பதிவைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. காருக்குள் சுழலும் அந்த நீண்ட ஷாட்டுக்காகத் தனியாகக் கருவி அமைத்தார்கள். வெட்டில்லாத அந்த நீளத்தை வித்தை என்று மட்டும் பார்த்தால் நஷ்டம். கண்ணைத் திருப்பிக்கொள்ள இடம் தராத பார்வை அது. சண்டைக்கு நடுவே குழந்தையின் அழுகுரல் கேட்டுச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தாழ்த்துவதையும், அவர்கள் கடந்து போனதும் மீண்டும் சுடத் தொடங்குவதையும் அதே பார்வைதான் நம் முன் வைக்கிறது. துப்பாக்கி தாழ்ந்ததோடு நிறுத்தியிருந்தால் அது உருக்கமான காட்சியாக முடிந்திருக்கும். நிறுத்தாததால் குண்டுச் சத்தத்தையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

சயின்ஸ் ஃபிக்ஷனே பிடிக்காது என்கிற நண்பர்களுக்கு நான் முதலில் ‘ஹெர்’ பார்க்கச் சொல்வேன், அடுத்து ‘சில்ட்ரன் ஆஃப் மென்’. இரண்டும் பிடித்தவர்களிடம் மட்டும் ‘பிரைமர்’ பெயரை எடுப்பேன். அதை ஒரே மூச்சில் அடுத்தடுத்து இரண்டு முறை பார்க்க வேண்டும். ஒருமுறை ஓட 77 நிமிடம். இரண்டு முறை ஓடினாலும் 169 நிமிட ‘இன்டர்ஸ்டெல்லார்’ முடிவதற்கு முன்பே முடிந்துவிடும்.