எண்பது சதத்துக்கு விற்ற வெயில்

ஒன்ராறியோவின் பசுமை எரிசக்திச் சட்டத்தைப் பற்றி ரொறன்ரோவில் பேச்செடுத்தால் இரண்டு தீர்ப்புகள்தாம் கிடைக்கும். 'ஹைட்ரோ பில்லை ஏற்றிவிட்ட சட்டம்' என்பார் ஒருவர். 'புகைமூட்டத்திலிருந்து மீட்ட சட்டம்' என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. 2009 மே மாதம் நிறைவேறிய இச்சட்டம் 2019 ஜனவரி 1ஆம் திகதி நீக்கப்பட்டது. இப்போது மாகாணம் மீண்டும் காற்று, சூரிய மின்சாரம் வாங்கத் தொடங்கியிருப்பதால், முதல் முயற்சியின் நிறைகுறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை வந்திருக்கிறது.

சட்டத்தின் உயிர்நாடி ஓர் ஒப்பந்தம். சூரிய ஒளியிலோ காற்றிலோ மின்சாரம் உண்டாக்கினால், அதை முன்கூட்டியே அறிவித்த விலைக்கு 20 ஆண்டுகள் மாகாணம் வாங்கிக்கொள்ளும். வீட்டுக்கூரைகளுக்காக 'மைக்ரோஃபிட்' என்ற பிரிவு வந்தது. 10 கிலோவாட் வரையான கூரை அமைப்புக்கு அறிவித்த விலை அலகொன்றுக்கு 80.2 சதம். வீட்டு மின்சாரத்தின் உச்சநேர விலையே, விநியோகச் செலவு நீங்கலாக, 10 சதத்தைத் தொடாத காலம் அது. ரொறன்ரோ வெயிலில் அத்தகைய அமைப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 அலகு தரும் என்று கொண்டால், வருமானம் 9,000 டொலரை நெருங்கும்.

நிறையை முதலில் சொல்லிவிடலாம். மின்சாரம் விற்பது பெரும்பாலும் அரச நிறுவனங்களுக்கும் பெருங்கம்பனிகளுக்கும் உரியது என்ற நிலையை இந்த ஒப்பந்தம் பெரிய அளவில் உடைத்தது. நீண்டகால வருமானம் உறுதியாக இருந்ததால் வங்கிகள் கடன் கொடுத்தன. 2017இல் விண்ணப்பம் மூடப்படும்போது மைக்ரோஃபிட் ஒப்பந்தங்கள் 30,000ஐத் தாண்டியிருந்தன. சொந்தக் கூரை இல்லாதவர்களுக்கும் ஒரு வழி பிறந்தது. ரொறன்ரோவின் சோலார்ஷேர் கூட்டுறவு 1,000 டொலரிலிருந்து பத்திரங்கள் விற்று, அந்தப் பணத்தில் சூரிய மின்னமைப்புகளைக் கட்டியது. அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவரும் அதில் பங்குகொள்ள முடிந்தது.

புகைமூட்டம் நீங்கிய புகழை மட்டும் இச்சட்டத்துக்கு முழுமையாகக் கொடுக்க முடியாது. மிசிசாகாவின் லேக்வியூ நிலக்கரி நிலையம் 2005இலேயே மூடப்பட்டுவிட்டது. 2003இல் மாகாண மின்சாரத்தில் கால்வாசி நிலக்கரியிலிருந்து வந்தது. 2014 ஏப்ரலில் அது அற்றுப்போனது. அந்த இடத்தைப் பெருமளவு நிரப்பியவை அணுமின் நிலையங்களும் எரிவாயு நிலையங்களுமே. காற்றும் சூரியனும் துணை நின்றன.

குறை, விலையை நிர்ணயித்த முறையில் தொடங்குகிறது. சூரியத் தகடுகளின் உலகச் சந்தை விலை அந்த ஆண்டுகளில் சரிந்துகொண்டே இருந்தது. அரசின் விலைப்பட்டியல் அதன் பின்னால் தாமதமாகவே இறங்கியது: கூரை அமைப்புக்கு 2012இல் 54.9 சதம், 2013இல் 39.6 சதம். ஆனால் முதலில் கையெழுத்திட்டவருக்கு 20 ஆண்டும் பழைய விலைதான். மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் 2015இல் கணக்கிட்டபோது, முந்தைய கொள்முதல் முறையோடு ஒப்பிட, உத்தரவாத விலையால் 20 ஆண்டுகளில் மக்கள் கூடுதலாகச் செலுத்துவது 920 கோடி டொலர் என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டே பெருந்திட்டங்களுக்கு ஏலம் விட்டார்கள். காற்று மின்சாரம் சராசரி 8.59 சதத்துக்கும் சூரிய மின்சாரம் 15.67 சதத்துக்கும் கிடைத்தன. ஏலம் சில ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் சட்டத்தின் தலைவிதியே வேறாக இருந்திருக்கலாம்.

இந்தியாவிலும் இதே பாடம் தெரிந்தது. 2016இல் தொடங்கிய தமிழ்நாட்டின் கமுதி சூரியப் பூங்காவின் மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை அலகுக்கு 7.01 ரூபாய். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் விலை 2.44 ரூபாய்க்கு இறங்கியது.

இரண்டாவது குறை, சுமை விழுந்த இடம். ஒப்பந்த விலைக்கும் சந்தை விலைக்குமான வித்தியாசம் 'குளோபல் அட்ஜஸ்ட்மென்ட்' என்ற பெயரில் எல்லோருடைய மின்கட்டணத்திலும் சேர்ந்தது. அதன் மிகப்பெரிய பங்கு அணுமின் நிலையங்களுக்குப் போனது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் மார்க்கம் நகரில் சொந்த வீடும் கையில் முதலும் உள்ளவர் 80 சதம் வாங்கியபோது, ஸ்காபரோவில் பேஸ்மென்டில் குடியிருப்பவர் அதற்குத் தன் பங்கைக் கட்டினார். கூட்டுறவுகள் இந்த இடைவெளியைக் குறைத்தன, அடைக்கப் போதவில்லை.

மூன்றாவது, ஊரின் சம்மதம். காற்றாலைகளை எங்கே நிறுவுவது என்பதில் நகரசபைகளுக்கு இருந்த திட்டமிடல் அதிகாரத்தைச் சட்டம் பறித்தது. எதிர்ப்பு கிராமங்களோடு நிற்கவில்லை. ஸ்காபரோ பிளஃப்ஸ் கரைக்கு அப்பால் ஏரியில் காற்றாலை அமைக்கலாமா என்று ரொறன்ரோ ஹைட்ரோ ஆராய்ந்தபோது கரையோரக் குடியிருப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். தேர்தல் ஆண்டான 2011இன் பெப்ரவரியில் ஏரிக் காற்றாலைகள் அனைத்தையும் அரசே நிறுத்திவைத்தது. திட்டங்களின் கருவிகளில் உள்ளூர்த் தயாரிப்பைக் கட்டாயமாக்கிய இன்னொரு விதியும் நிலைக்கவில்லை. யப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் தொடுத்த வழக்கில் உலக வர்த்தக நிறுவனம் 2013இல் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இந்தக் கோபங்களின் மேல் ஏறி ஆட்சிக்கு வந்த அரசு 2018 ஜூலையில் 758 ஒப்பந்தங்களை இரத்துச் செய்தது. அந்த இரத்துக்கும் 23.1 கோடி டொலர் செலவானது. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த பழைய விலை ஒப்பந்தங்களோ அப்படியே தொடர்ந்தன. 2021இலிருந்து அவற்றின் பெரும்பகுதிச் செலவு மின்கட்டணத்திலிருந்து அரச கருவூலத்துக்கு மாற்றப்பட்டது. சுமை குறையவில்லை, பில்லில் தெரியாத இடத்துக்குப் போனது.

இப்போதைய கொள்முதல் முறை இரண்டு பாடங்களைப் படித்திருக்கிறது: விலைக்குப் போட்டி வேண்டும், திட்டத்துக்கு நகரசபையின் ஆதரவுத் தீர்மானம் வேண்டும். பாராட்டலாம். ஆனால் பழைய சட்டத்தின் ஒரே பெரும் நிறையான சிறியவரின் பங்கு இதில் காணாமல் போய்விட்டது. பெருநிறுவனங்கள் மட்டுமே இந்தப் போட்டியில் தாக்குப்பிடிக்கும். 2025 ஜனவரியில் வந்த வீட்டுத் திருத்த உதவித்திட்டம் கூரைத் தகடுகளுக்கு 5,000 டொலர்வரை தருகிறது. எஞ்சிய மின்சாரத்தை வலையமைப்புக்குக் கொடுத்துக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் 'நெட் மீட்டரிங்' வீடுகளுக்கு அந்த உதவி கிடையாது. அதாவது உதவி பெற்றுத் தகடு போடலாம், விற்பவராக முடியாது.

விலை பிழையானதால் கொள்கையையே தூக்கியெறிந்தது அவசரம். நீண்ட ஒப்பந்தம் தேவை, அதன் விலை ஏலத்திலிருந்து வரட்டும். ஆனால் ஒவ்வொரு ஏலத்திலும் ஒரு பங்கைக் கூட்டுறவுகளுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் ஒதுக்கி, வாடகைக்காரரும் பங்கு வாங்க வழிசெய்ய வேண்டும். பில்லைக் கட்டுகிறவர்களுக்கும் ஆதாயத்தில் இடம் இருந்தால், அடுத்த ஆட்சி வந்து இதைக் கலைப்பது அத்தனை எளிதாக இருக்காது.